பிரிட்டனில் பன்முகப் பதிப்பகம் தொடங்கியவர்கள்: முதலீடு எங்கிருந்து வந்தது, எதில் தாக்குப்பிடித்தார்கள், எதில் சறுக்கினார்கள்

கேள்வியின் சுருக்கம் இது. லண்டனில் பெரிய பதிப்பகம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக உதவி ஆசிரியராக இருக்கும் ஒருவர், கறுப்பின, ஆசிய எழுத்தாளர்களை முன்னிறுத்தும் பதிப்பகத்தைச் சொந்தமாகத் தொடங்க நினைக்கிறார். முன்பு தொடங்கியவர்கள் எந்த வழியாக வந்தார்கள், முதல் எப்படித் திரட்டினார்கள், நன்றாக ஓடிய பதிப்பகங்கள்கூட ஏன் கடைசியில் கைமாறின என்று கேட்கிறார்.

இப்படிப்பட்ட பன்முகப் பதிப்பகம் என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது எழுத்தாளர்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றி. அது இந்தத் தொழிலின் சுலபமான பகுதி. பெரிய இடங்கள் திருப்பி அனுப்பிய நல்ல கையெழுத்துப் பிரதிகள் எந்தக் காலத்திலும் கிடைத்தே வந்திருக்கின்றன. நிறுவனர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது வேறு இரண்டு விஷயங்கள்: அச்சகத்துக்குக் கொடுத்த பணம் எத்தனை மாதத்தில் திரும்பி வந்தது, புத்தகத்தை வாங்குபவரை நேரடியாக எட்ட அவர்களிடம் சொந்த வழி இருந்ததா. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மார்கரெட் பஸ்பியிலிருந்து தொடங்குவது சரி. 1944-இல் இன்றைய கானாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, லண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். மாணவப் பருவத்தில் ஒரு விருந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவரான கிளைவ் ஆலிசனைச் சந்திக்கிறார். 1967-இல் இருவரும் சேர்ந்து ‘ஆலிசன் அண்ட் பஸ்பி’யைத் தொடங்குகிறார்கள். பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் அவர்தான். வயதிலும் அன்று மிக இளையவர். ஆரம்பத்தில் இருவரும் வேறு பதிப்பகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இதை நடத்தினார்கள்.

முதல் வெளியீடுகள் ஐந்து ஷில்லிங் விலையில் மெல்லட்டைக் கவிதை நூல்கள். மாணவர்கள் வாங்கும் விலையில் கவிதை தர வேண்டும் என்பது எண்ணம். 15,000 பிரதிகள் அச்சாகி வந்த பிறகுதான் விநியோகத்துக்கு ஏற்பாடே இல்லை என்பது உறைத்தது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி விற்றார்கள். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் அதிகம். ஆனால் இன்றும் புதிய பதிப்பகங்கள் முதலில் செய்யும் தவறு இதுதான்: ஒரு பிரதியின் அச்சுச் செலவைக் குறைக்க எண்ணிக்கையைக் கூட்டிவிடுவது. 1,000 அடித்தால் பிரதிக்கு 2 பவுண்டுக்கு அருகில், 5,000 அடித்தால் 1 பவுண்டுக்குப் பக்கத்தில் என்று அச்சகம் விலைப்புள்ளி கொடுக்கும்போது 5,000 லாபம் போலத் தெரியும். விற்காத 3,500 பிரதிக்குக் கிடங்கு வாடகை மாதாமாதம் வரும் என்பது அந்தத் தாளில் இருக்காது.

பஸ்பியின் இரண்டாம் கட்டம் 1969-இல். அமெரிக்க எழுத்தாளர் சாம் கிரீன்லீ எழுதிய, சிஐஏவில் சேரும் கறுப்பின அதிகாரியைப் பற்றிய நாவலைப் பல பதிப்பகங்கள் மறுத்திருந்தன. அதை ஆலிசன் அண்ட் பஸ்பி வெளியிட்டது. பத்திரிகையில் பகுதி வெளியிடும் உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமைகளும் விற்றன. உரிமை விற்பனையில் தாள் இல்லை, லாரி இல்லை, திரும்பி வரும் பிரதி இல்லை. சிறிய பதிப்பகத்துக்கு அதைவிட நல்ல பணம் கிடையாது.

அவர்களுடைய பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு பாடம் இருக்கிறது. புச்சி எமெசெட்டா, நூருதீன் ஃபாரா, சி. எல். ஆர். ஜேம்ஸ், ஜார்ஜ் லேமிங், ராய் ஹீத் எல்லாரும் இருக்கிறார்கள். ஹீத்தின் நாவல் 1978-இல் கார்டியன் புனைவுப் பரிசு பெற்றது. அதே பட்டியலில் மைக்கேல் மூர்காக்கின் அறிபுனைவும், 1974-இல் வந்த ஜில் மர்ஃபியின் சிறுவர் சூனியக்காரிக் கதையும் இருக்கின்றன. மர்ஃபியின் புத்தகத்தையும் வேறு பதிப்பகங்கள் தள்ளியிருந்தன. அது தலைமுறைகளைத் தாண்டி விற்றுக்கொண்டே இருந்தது. பட்டியலில் பன்முகம் என்பதை ஒரே அலமாரிக்குள் அடைக்காமல், பெரிய இடங்கள் கவனிக்கத் தவறிய எல்லாவற்றையும் எடுத்தார்கள். கவிதைக்கும் வரலாற்றுக்கும் பக்கத்தில் தொடர்ந்து விற்கும் ஒரு சிறுவர் தொடர் இருந்தால் அச்சகக் கடனை அடைக்கலாம். கொள்கைத் தூய்மை பேசி இப்படிப்பட்ட தலைப்புகளை ஒதுக்கும் நிறுவனர்கள் உண்டு. அது தவறான முடிவு என்பது என் கருத்து.

இருந்தும் 20 ஆண்டுகள் கழித்து, 1987-இல், நிறுவனம் டபிள்யூ. எச். ஆலன் என்ற பதிப்பகத்திடம் போனது. நல்ல பட்டியலும் பரிசும் பெயரும் இருக்கும்போதே நடந்தது அது. தொடக்கத்திலிருந்தே கையிருப்புப் பணம் இல்லாமல் ஓடிய நிறுவனம் அது. ஒவ்வொரு பருவத்துப் புத்தகமும் முந்தைய பருவத்தின் கடனைத் தூக்கிக்கொண்டுதான் வெளிவரும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஜான் லா ரோஸும் ஹன்ட்லி தம்பதியும். டிரினிடாடிலிருந்து வந்த லா ரோஸ், சாரா ஒயிட்டுடன் சேர்ந்து 1966-இல் ‘நியூ பீக்கன் புக்ஸ்’ தொடங்கினார். கயானாவைச் சேர்ந்த ஜெசிகா ஹன்ட்லியும் எரிக் ஹன்ட்லியும் தொடங்கியது ‘போகிள்-லூவெர்சர்’. 1968-இல் கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியை ஜமைக்கா அரசு நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. அவருடைய உரைகளை நூலாக்குவதற்காகவே அடுத்த ஆண்டு அந்தப் பதிப்பகம் பிறந்தது. முதல் புத்தகத்துக்கு நண்பர்களும் ஆதரவாளர்களும் பணம் போட்டார்கள்.

இவர்கள் யாரும் பதிப்புத் துறையிலிருந்து வரவில்லை. அரசியல், தொழிற்சங்க, சமூக வேலையிலிருந்து வந்தவர்கள். ஆனால் பஸ்பியிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: கடை. நியூ பீக்கன் முதலில் வீட்டிலிருந்து புத்தகம் விற்றது, 1973 முதல் ஃபின்ஸ்பரி பார்க்கில் ஸ்ட்ரௌட் கிரீன் சாலைக் கடை. ஹன்ட்லிகள் ஈலிங்கில் வரவேற்பறையிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பு வீட்டில் வியாபாரம் கூடாது என்று எதிர்ப்பு வந்த பிறகு அங்கேயே கடை பிடித்தார்கள். 1970களில் இனவெறியர்கள் அந்தக் கடையைத் தாக்கினார்கள். 1980-இல் ராட்னி கொல்லப்பட்ட பிறகு கடைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1982-இலிருந்து 1995 வரை இந்த இயக்கத்தார் சேர்ந்து நடத்திய கறுப்பின, மூன்றாம் உலக நூல்களின் பன்னாட்டுக் கண்காட்சி, வாசகர்களை நேரில் கொண்டுவந்து நிறுத்தியது.

கடை ஏன் இவ்வளவு முக்கியம்? இன்றைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஒப்பந்தத்துக்கேற்ப மாறும், ஆனால் அளவு இதை ஒட்டித்தான் இருக்கும்.

அட்டை விலை 10 பவுண்டு. கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் கழிவு சராசரி 50 சதவீதம். மீதி 5 பவுண்டு. அதில் விநியோகஸ்தரும் விற்பனைப் பிரதிநிதிகளும் சேர்த்து 20 சதவீதம், அதாவது 1 பவுண்டு. மீதி 4. எழுத்தாளருக்கு அட்டை விலையில் 7.5 சதவீத ராயல்டி, 75 பென்ஸ். அச்சு 1.50. உங்கள் கையில் 1.75 நிற்கும். சம்பளம், வாடகை, விளம்பரம் எல்லாம் இந்த 1.75-க்குள்தான்.

இப்போது 2,000 பிரதி அடிக்கிறீர்கள். திரும்பி வந்தவை போக 1,400 விற்கிறது. வரவு 5,600. அச்சுக்கு 3,000 போனால் 2,600. பிரதி திருத்தம் 800, பக்க வடிவமைப்பு 500, அட்டை 600, மெய்ப்பு 400 என்று 2,300 போனால் 300. எழுத்தாளருக்குக் கொடுத்த முன்பணம் 1,500. முடிவில் 1,200 பவுண்டு நஷ்டம். இத்தனைக்கும் ஒரு புதிய இலக்கிய நாவல் 1,400 பிரதி போவது மோசமான விற்பனை அல்ல.

அதே புத்தகம் முழுதும் விற்றுத் தீர்ந்து, மறுபதிப்பு 1,000 பிரதியும் போய்விட்டால் படம் மாறிவிடும். மறுபதிப்பில் திருத்தமும் அட்டையும் பக்க வடிவமைப்பும் மறுபடி செலவு வைக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் புதுப் புத்தகத்தைவிடப் பழைய பட்டியலைப் பற்றி அதிகம் பேசுவார்கள். பள்ளிப் பாடத்திட்டத்திலோ பல்கலைக்கழக வாசிப்புப் பட்டியலிலோ ஏறிய ஒரே ஒரு தலைப்பு, பரிசு பெற்ற மூன்று தலைப்புகளைவிட நீண்ட காலம் சோறு போடும்.

நேர் விற்பனையை இதனுடன் ஒப்பிடுங்கள். 10 பவுண்டில் அச்சு 1.50, ராயல்டி 75 பென்ஸ், வங்கி அட்டையில் பணம் வாங்கும் கட்டணம் 30 பென்ஸ் போக 7.45 மிச்சம். கூட்டத்தில் மேசை போட்டு விற்ற ஒரு பிரதி, கடை வழியாகப் போன நான்கு பிரதிக்குச் சமம். லா ரோஸுக்கும் ஹன்ட்லிகளுக்கும் கடை தந்தது இதைத்தான். கூடவே வேறொன்றும் தந்தது: பிற பதிப்பகங்களின் புத்தகங்களை விற்ற கழிவும் கல்லாவில் சேர்ந்தது. ஆனால் கடைக்கு வாடகை இருக்கிறது. ஹன்ட்லிகளின் கடை மூடியதற்கு வாடகை உயர்வும் ஒரு காரணம்.

சிறுவர் நூல் தனி உலகம். கிரெனடாவில் பிறந்த வெர்னா வில்கின்ஸ் 1987-இல் ‘டாமரிண்ட் புக்ஸ்’ தொடங்கியதற்கான காரணம் பலருக்குத் தெரிந்தது. அவருடைய சிறு மகன் பள்ளியில் தன்னைப் பற்றிச் செய்த புத்தகத்தில் தன் முகத்துக்கு இளஞ்சிவப்பு தீட்டியிருந்தான். பழுப்பு க்ரேயானை எடுத்துக் கொடுத்தபோது, புத்தகத்தில் இந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டான். அவர் ஒரு பெரிய முடிவெடுத்தார்: இனவெறியைப் ‘பிரச்சினை’யாகப் பேசும் புத்தகங்கள் வேண்டாம், பல் விழுவது, மருத்துவமனைக்குப் போவது போன்ற சாதாரணக் கதைகளில் கறுப்பினக் குழந்தைகள் நாயகர்களாக இருந்தால் போதும். விற்பனைக்கும் இது உதவியது. எல்லாப் பள்ளியும் வாங்கக்கூடிய கதை அது. கறுப்பின வரலாற்றுக்கான ‘சிறப்பு மாதத்துக்கு’ மட்டும் எடுத்து வைக்கும் புத்தகம் அல்ல.

படப்புத்தகத்தில் அச்சுக்கூடப் பிரச்சினைகள் வேறு. பழுப்பு நிற முகங்கள் அச்சில் கெட்டுப்போவது இந்த வகைப் பதிப்பகங்களுக்கே உரிய தலைவலி, இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. திரையில் அழகாகத் தெரியும் கருஞ்சருமம், பூச்சில்லாத தாளில் அச்சானதும் சேறாகிவிடும். தாள் மையை உறிஞ்சும்போது புள்ளிகள் விரிந்து, நடுத்தர நிறங்கள் ஒரு படி இருண்டுவிடும். வெளிர் முகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அடர் பழுப்பு முகத்தில் மூக்கின் ஓரமும் கண் இமையும் காணாமல் போகும். பின்னணி இரவுக் காட்சி என்றால் முகமே போய்விடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் அளவையும் கூட்டி 300 சதவீதத்தைத் தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும் ஆபத்தும் உண்டு.

செய்ய வேண்டியது: சருமத்தை மெஜந்தா, மஞ்சளில் கட்டி, சயானைக் குறைவாகச் சேர்த்து, கறுப்பு மையை நிழல் கோடுகளுக்கு மட்டும் விடுங்கள். நடுநிறங்களை ஓவியர் நினைப்பதைவிடச் சற்று வெளுப்பாக வையுங்கள். அச்சகத்திடம் அதே தாளில் எடுத்த மெய்ப்பைக் கேளுங்கள்; பளபளப்புத் தாளில் அனுப்பும் டிஜிட்டல் மெய்ப்பை வைத்துச் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். பூச்சுள்ள மேட் தாளுக்கு மாறினால் பாதிச் சிக்கல் தீரும், செலவு கொஞ்சம் கூடும். எங்கே சிக்கனம் செய்தாலும் இங்கே செய்யக் கூடாது. குழந்தையின் முகம் தெரியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு பன்முகம் பேசி என்ன பயன்?

இன்னொன்று, 32 பக்க வண்ணப் படப்புத்தகத்தை 2,000 பிரதி அடித்தால் கட்டுப்படியாகாது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் அடிப்பார்கள். அதற்கு எழுத்துகள் முழுவதும் கறுப்பு மையில் மட்டுமே இருக்க வேண்டும். அப்போதுதான் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி அடுத்த மொழிப் பதிப்பை ஓட்ட முடியும். தலைப்பை அழகுக்காக வண்ணத்திலோ, படத்தின் மேல் வெள்ளை எழுத்திலோ வைத்துவிட்டால் நான்கு தகடும் மாற வேண்டும், கூட்டுப்பதிப்பே கைவிட்டுப் போகலாம். ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம்.

டாமரிண்டும் 2007-இல் ராண்டம் ஹவுஸுக்குப் போனது. இருபது ஆண்டு என்ற கணக்கு ஆலிசன் அண்ட் பஸ்பியோடு ஒத்துப்போவதைக் கவனியுங்கள். நிறுவனரின் உடலும் வீட்டுச் சேமிப்பும் தாங்கும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும்.

2010-க்குப் பிறகு வந்தவர்கள் உங்களுக்கு நெருக்கமானவர்கள், ஏனென்றால் அவர்களும் பதிப்பு அலுவலகங்களிலிருந்து வெளியேறியவர்கள். ‘ஜாகராண்டா’வை 2012-இல் தொடங்கிய வேலரி பிராண்டிஸ் அதற்கு முன் சுயாதீனப் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றினார். 2020 என்ற ஒரே ஆண்டுக்குள் 20 கறுப்பின பிரிட்டிஷ் எழுத்தாளர்களை வெளியிடும் திட்டத்தை அறிவித்தார். ‘நைட்ஸ் ஆஃப்’ 2017-இல் ஏமி ஃபெலோனும் டேவிட் ஸ்டீவன்ஸும் தொடங்கியது. ஃபெலோன் அதற்கு முன் சிறுவர் நூல் பதிப்பகத்தில் உதவி ஆசிரியர். உங்கள் இன்றைய நிலைதான். அடுத்த ஆண்டு வெளிவந்த தொடக்கக் கல்வி எழுத்தறிவு மையத்தின் ஆய்வு அவர்களுக்குக் கையில் ஆயுதம் கொடுத்தது: 2017-இல் பிரிட்டனில் வெளியான 9,115 சிறுவர் நூல்களில் 391-இல் மட்டுமே வெள்ளையரல்லாத பாத்திரங்கள், அப்படிப்பட்டவர்கள் முதன்மைப் பாத்திரமாக இருந்தவை 1 சதவீதம். அந்த ஒரு சதவீதப் புத்தகங்களை மட்டும் வைத்து பிரிக்ஸ்டனில் தற்காலிகக் கடை போட்டார்கள். கூட்டம் வந்தது. 30,000 பவுண்டு இலக்கு வைத்து மக்களிடம் நிதி திரட்டி, 2019-இல் ‘ரவுண்ட் டேபிள் புக்ஸ்’ என்று நிரந்தரக் கடை ஆக்கினார்கள். ஹன்ட்லிகளின் வரவேற்பறையில் தொடங்கிய அதே தர்க்கம், ஐம்பது ஆண்டுக்குப் பிறகு.

2020 கோடையில் ஜாகராண்டாவும் நைட்ஸ் ஆஃபும் சேர்ந்து, ஊரடங்கில் கடை விற்பனை நின்றுபோனதால், பன்முகப் பதிப்பகங்களுக்காக 1 லட்சம் பவுண்டு இலக்கில் நிதி திரட்டின. இலக்கைத் தாண்டியும் வந்தது. அதே ஜூனில் பெரிய மொத்த வியாபாரியான பெர்ட்ராம்ஸ் திவாலானது. அதனிடம் இருந்த புத்தகங்களுக்கான பாக்கியைப் பலர் வராக்கடனாக விட்டுவிட வேண்டியிருந்தது. மக்கள் நிதி பற்றி ஒரு எச்சரிக்கை: அது ஒரு முறை வேலை செய்யும், இரண்டாம் முறை பாதிதான் வரும். கொடுத்தவர்களுக்குப் புத்தகம் அனுப்பும் தபால் செலவை இலக்குத் தொகைக்குள் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். 15 பவுண்டு கொடுத்தவருக்குப் புத்தகம், உறை, தபால் எல்லாம் போக 6 அல்லது 7 பவுண்டு மிஞ்சினால் அதிகம்.

மானியமும் அப்படியே. லீட்ஸில் 1985 முதல் கரீபிய, கறுப்பின பிரிட்டிஷ் இலக்கியம் வெளியிடும் ஜெரமி பாய்ன்டிங்கின் ‘பீப்பல் ட்ரீ பிரஸ்’ கலைக் கவுன்சிலின் தொடர் நிதியோடு நிலைத்தது. அங்கிருந்து வந்த மோனிக் ராஃபியின் நாவல் 2020-க்கான கோஸ்டா ஆண்டின் சிறந்த நூல் பரிசை வாங்கியது. தொடர் நிதி இருந்ததால்தான் லாபம் பார்க்காத தலைப்புகளையும் வருடக்கணக்கில் அச்சில் வைத்திருக்க முடிந்தது. ஆனால் 1980களில் பெருலண்டன் கவுன்சிலின் பணத்தை நம்பி நடந்த பல அமைப்புகள், 1986-இல் அந்தக் கவுன்சிலே கலைக்கப்பட்டபோது தவித்தன. மானியத்தைச் சம்பளத்துக்கு வைக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ பயிற்சியிடத்துக்கோ வையுங்கள். நின்றுபோனால் அந்த வேலை மட்டும் நிற்கும்.

இனி உங்கள் விஷயம். முதல் ஆண்டு இரண்டு அல்லது மூன்று தலைப்புகள் போதும். வேலையை விடாமல் தொடங்குவது அவமானம் அல்ல, பஸ்பியே அப்படித்தான் செய்தார். ஆனால் உங்கள் பணி ஒப்பந்தத்தில் போட்டித் தொழில் பற்றிய பிரிவை முதலில் படியுங்கள். இன்னொரு ஆண்டு அங்கேயே இருக்க முடிந்தால், ஆசிரியர் குழுவை விட்டு உரிமை விற்பனைப் பிரிவிலோ, விற்பனைப் பிரிவிலோ ஆறு மாதமாவது உட்காருங்கள். எடிட்டிங் தெரிந்து, கழிவுப் பேச்சுவார்த்தை தெரியாமல் தொடங்குகிறவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

நாள்காட்டி ஏறக்குறைய இப்படிப் போகும். வெளியீட்டுக்கு 12 மாதம் முன்பு ஒப்பந்தம். 9 மாதம் முன்பு அட்டை, நூல் விவரத் தாள், மின்தரவு. 6 மாதம் முன்பு விற்பனைப் பிரதிநிதிகள் கடைச் சங்கிலிகளின் தலைமை அலுவலகத்தில் காட்டுவார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல விமர்சனம் வந்தாலும் மேசையில் இடம் கிடைக்காது. 5 மாதம் முன்பு விமர்சகர்களுக்கு முன்பிரதி. 3 மாதம் முன்பு அச்சுக்கு. வெளியான ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு பிரதி சட்டப்படி போக வேண்டும்; மற்ற ஐந்து சட்டவைப்பு நூலகங்கள் கேட்டால் அவற்றுக்கும். விநியோகஸ்தரிடமிருந்து முதல் பணம் வெளியீட்டுக்குப் பிறகு மூன்று மாதத்தில் வரலாம். அதிலும் திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்காக ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். முன்பணம் கொடுத்த நாளிலிருந்து வரவு வரும் நாள் வரை 15 மாதம். மூன்று தலைப்புக்கும் இதே 15 மாதத்தைத் தாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்பதுதான் தொடங்கலாமா வேண்டாமா என்பதற்கான பதில்.

மின்தரவில் ஒரு பொறி உண்டு. பதிப்புத் துறையின் பொருள் வகைப்பாட்டில் இனக்குழுவைக் குறிக்கும் துணைக் குறியீடு இருக்கிறது. துப்பறியும் நாவலுக்கு முதன்மைப் பொருளாகத் துப்பறியும் புனைவைக் கொடுத்து, இனக்குழுவைத் துணையாக மட்டும் சேர்க்க வேண்டும். ஆர்வத்தில் ‘இனக்குழு ஆய்வுகள்’ என்பதை முதன்மையாகப் போட்டால், கடையின் கணினி நாவலைச் சமூகவியல் அலமாரிக்கு அனுப்பிவிடும். இணையக் கடையிலும் துப்பறியும் வரிசையில் அது வராது. அட்டையைத் திருத்த ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள், இந்த ஒற்றைக் குறியீட்டைச் சரிபார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பிரதி திருத்துபவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஜமைக்கப் பேச்சுமொழியிலோ வங்காளதேசத்துச் சில்ஹெட்டி மொழி கலந்த ஆங்கிலத்திலோ எழுதிய உரையாடலை ‘தவறு’ என்று நினைத்துச் சீராக்கிவிடுவார்கள். வேலை தொடங்குமுன் எழுத்தாளரோடு உட்கார்ந்து இரண்டு பக்க நடைத்தாள் தயாரியுங்கள்: எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துக்கூட்டல், பிறமொழிச் சொல்லைச் சாய்வெழுத்தில் போடலாமா, அருஞ்சொல் பட்டியல் உண்டா. பாத்திரத்துக்குப் பாத்திரம் எழுத்துக்கூட்டல் மாறுவது வேண்டுமென்றே செய்ததா என்பதையும் அதில் எழுதுங்கள். மெய்ப்பு நிலையில் இதைச் சரிசெய்யப் போனால் பக்கத்துக்குப் பக்கம் காசு.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980களிலேயே பஸ்பியும் மற்ற சிலரும் சேர்ந்து, பதிப்பு அலுவலகங்களுக்குள் கறுப்பினத்தவருக்கு இடம் கேட்டு ‘கிரேட்டர் ஆக்சஸ் டு பப்ளிஷிங்’ என்ற குழுவை நடத்தினார்கள். எழுத்தாளர் பட்டியலில் மட்டும் பன்முகம் இருந்து, ஒப்பந்தம் போடுகிறவரும் அட்டையை முடிவுசெய்கிறவரும் ஒரே மாதிரி இருந்தால் பட்டியல் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சம்பளமில்லாப் பயிற்சியாளரை வைத்து இந்தக் கொள்கையை நடத்த முடியாது. லண்டன் வாடகையில் யாரால் சம்பளமில்லாமல் வர முடியும் என்பது தெரிந்த விஷயம்தான்.

நிறுவனத்தை விற்றதோடு வாழ்க்கை முடிவதில்லை என்பதற்கும் பஸ்பியே சாட்சி. எர்த்ஸ்கேன் பதிப்பகத்தில் ஆசிரியர் குழுத் தலைவரானார். 1992-இல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் 200-க்கும் மேற்பட்டோரின் எழுத்தைத் தொகுத்தார், 2019-இல் அதற்கு இன்னொரு பெருந்தொகுப்பு. 2020-இல் புக்கர் நடுவர் குழுவின் தலைவர். 2023-இல் ‘இங்கிலிஷ் பென்’ என்ற எழுத்தாளர் அமைப்பின் தலைவர். 20 ஆண்டில் அவர் சேர்த்தது பங்கு மதிப்பு அல்ல, தொடர்புகளும் எழுத்தாளர்களின் நம்பிக்கையும்.

விற்பனை என்றாவது வரும் என்று வைத்துக்கொண்டே முதல் எழுத்தாளர் ஒப்பந்தத்தை எழுதுங்கள். உரிமை திரும்பும் பிரிவைத் தெளிவாக வையுங்கள்: 12 மாதத்தில் 100 பிரதிக்குக் கீழே விற்றால், எழுத்தாளர் கடிதம் கொடுத்து ஆறு மாதத்தில் மறுபதிப்பு வராவிட்டால், உரிமை அவருக்கே. கேட்டதும் அச்சடிக்கும் வசதி இருப்பதால் ‘அச்சில் இருக்கிறது’ என்று என்றைக்கும் சொல்லிக்கொண்டே இருக்க முடியும். அதனால் எண்ணிக்கையை வைத்து வரையறுப்பது அவசியம். நிறுவனம் கைமாறினால் எழுத்தாளருக்கு 90 நாளுக்குள் உரிமையைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு என்று இன்னொரு வரி. வாங்க வருகிற பெரிய நிறுவனத்துக்கு இந்த வரி பிடிக்காது, விலையையும் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் அவர்கள் பட்டியலை வாங்கிக் கிடங்கில் போட்டு மூடிவிட முடியாது. உங்கள் வழக்கறிஞர் அது தேவையில்லை என்பார். வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்.